பீவர் ஓடை முகாமின் பொறுப்பாளர்

வெண்டல் ஸ்ட்ரோபெல் விசிலை ஊதினார்.

கரடி தலையை நிமிர்த்திப் பார்த்தது.

முப்பத்தொரு வருடம்! அயோவா மாநிலத்தின் ஒரு நடுநிலைப் பள்ளித் தாழ்வாரத்தில் அந்த விசில் கேட்டால் எண்ணூறு பிள்ளைகள் எடுத்த காலைக் கீழே வைக்காமல் நிற்பார்கள். எதிரே வந்துகொண்டிருக்கும் கணக்கு வாத்தியாரும் சேர்ந்து நிற்பார். துணைத் தலைமையாசிரியர் ஸ்ட்ரோபெலின் விசில் என்றால் அப்படி. அந்த வரலாறு எதுவும் கரடிக்குத் தெரியவில்லை. மூக்கு நுனியில் ஒட்டியிருந்த மயோனைஸை நக்கிவிட்டு, மறுபடியும் அவர் குடியிருந்த வீட்டுவண்டியின் வயிற்றிலிருந்த சாமான் அறைக்குள் தலையை நுழைத்தது.

"ஊதாத வெண்டல்! பரிமாற ஆள் வந்தாச்சுன்னு நெனச்சுக்கப் போவுது!" என்று வண்டியின் ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினாள் அவர் மனைவி லவோன். கையில் வாணலி. அதை ஒரு கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. பீவர் ஓடை முகாமில் ஐம்பத்திரண்டு கூடாரத் தளங்களும் நிரம்பியிருந்தன. தேசியப் பூங்காவுக்கு மலை பார்க்க வந்த ஜனம், மலையை அப்படியே விட்டுவிட்டு மர மேசைகளின் மேல் ஏறி நின்று செல்போனை நீட்டிக்கொண்டிருந்தது. வெண்டலுக்கும் கரடிக்கும் நடுவில் அவருடைய கோல்ஃப் வண்டி நின்றது. பயத்தினால் அல்ல, அதை அங்கே நிறுத்துவது நிர்வாக வசதி என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

அவருடைய கவலை கரடியைப் பற்றியதே அல்ல. கரடி வெளியே எடுத்துப் போடுகிற சாமான்களைப் பற்றியது.

முதலில் ஒரு நீல ஐஸ்பெட்டி வந்து விழுந்தது. அதன் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டு ஒன்று கட்டித் தொங்கியது. 'தளம் 17. ஓஸ்கார்சன். முதல் எச்சரிக்கை.' அடுத்து ஒரு சிவப்புப் பெட்டி. 'தளம் 33. இரண்டாம் எச்சரிக்கை.' பிறகு மூன்று கிலோ பேக்கன் இறைச்சி, இரண்டு பை மார்ஷ்மெல்லோ மிட்டாய், பாதி தின்ற பிறந்தநாள் கேக். எல்லாவற்றிலும் சீட்டு, தேதி, கையெழுத்து.

செல்போன்கள் எல்லாம் கரடியை விட்டுச் சீட்டுகளின் பக்கம் திரும்பின.

"அது என் பெட்டி!" என்றாள் பதினேழாம் தளத்து ஓஸ்கார்சன் அம்மாள். "ரேஞ்சர் ஆபீஸ்ல பத்திரமா இருக்குன்னு சொன்னீங்களேய்யா?"

"மேடம், இது பேசற நேரமா?"

"என் விலா இறைச்சி!" முப்பத்து மூன்றாம் தளத்திலிருந்து ஒரு டெக்சாஸ்காரர் அலறினார். தாடி தொப்பையைத் தொடுகிற ஆள். "பதினாலு மணி நேரம் புகை போட்டு வேகவெச்சது! ஒரு மூடி எடுக்க ரெண்டு நிமிஷம் திரும்பினேன், கொள்ளையடிச்சுட்டுப் போயிட்டான்! இப்ப அது எவன் வாயில போவுது பாருங்க!"

கரடி கண்ணை மூடிக்கொண்டு மென்றது. பதினாலு மணி நேரத்தின் அருமை தெரிந்த ஒரே ஜீவன் அந்த இடத்தில் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வெண்டல் இன்னொரு தடவை ஊதினார். அதற்குள் லவோன் வாணலியை வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து, ஹாரனின் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றினாள். பன்னிரண்டு மீட்டர் வண்டியின் லாரி ஹாரன். பள்ளத்தாக்கு முழுவதும் அதிர்ந்தது. கரடி குதித்து, ஒரு பேக்கன் பொட்டலத்தை மட்டும் கவ்விக்கொண்டு, வெண்டலின் கோல்ஃப் வண்டியை ஒரு இடி இடித்துச் சாய்த்துவிட்டுப் பைன் மரங்களுக்குள் மறைந்தது.

ஜனம் கைதட்டியது. லவோனுக்கு.

இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. பூங்காவின் ரேஞ்சர் மாரிசோல் கின்டானாவின் குரல். இருபத்தெட்டு வயதுப் பெண். அவருடைய மேலதிகாரி.

"வெண்டல், அங்க என்ன ஹாரன்? எனக்கு இதுவரைக்கும் ஆறு பேர் போன் பண்ணிட்டாங்க. ஒரு மணிக்கு வர்றேன். எதையும் தொடாதீங்க. கரடி எதைத் தின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"நிலைமை கட்டுக்குள் இருக்கிறது," என்றார் வெண்டல்.

அந்த நேரத்தில் ஓஸ்கார்சன் அம்மாள் அவரை நோக்கி ஒரு வெறும் ஐஸ்பெட்டியோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். அந்த நடை சரியில்லை.

*

ஓய்வு பெற்ற மனிதருக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்டால், "இருநூறு பேர்ல என்னைத்தான் எடுத்தாங்க," என்பார் வெண்டல். கேட்காவிட்டாலும் சொல்வார்.

பள்ளியை விட்டு வந்த பிறகு இரண்டு வருடம் அவர் சொல்வதைக் கேட்க ஊரில் ஆள் இல்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் புல்லின் உயரத்தை அளந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேலி போட்டார். நூலகத்தில் உரக்கப் பேசியவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நூலகர் அவருக்கே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் பூங்காக்களில் கோடைக்கால வேலைக்கு ஓய்வு பெற்ற தம்பதிகளை எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. வண்டியை நிறுத்த இடமும், தண்ணீரும், மின்சாரமும் சும்மா. பதிலுக்கு முகாமைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டை அக்டோபர் கடைசி வரை ஒரு நர்ஸ் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுவண்டி வாங்கி, மே மாதம் வந்து இறங்கிவிட்டார்கள்.

வந்த அன்றே வெண்டல் வேலையைப் பிரித்தார். களப்பணி அவருக்கு. வசதிகள் பராமரிப்பு லவோனுக்கு. களப்பணி என்றால் மஞ்சள் மேற்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கோல்ஃப் வண்டியில் சுற்றுவது. வசதிகள் என்றால் கழிப்பறைகள். மொத்தம் எட்டு. ஐம்பத்திரண்டு அடுப்புக்குழிகளில் சாம்பல் அள்ளுவதும் 'வசதிகள்' என்ற தலைப்பின் கீழேதான் வந்தது.

பயிற்சியின்போது மாரிசோல் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள்.

"முகாம் பொறுப்பாளருக்கு வேலை மூணு. சிரிக்கணும். எடுத்துச் சொல்லணும். கேக்கலேன்னா எனக்குத் தகவல் தரணும். யாராவது சாப்பாட்டை வெளியில வெச்சுட்டுப் போனா கரடி வந்துடும், தளத்துல இருக்கற இரும்புப் பெட்டியில வைக்கச் சொல்லுங்க. அவங்க பொருளை நீங்க எடுக்கக் கூடாது. பறிமுதல் எல்லாம் ரேஞ்சர் வேலை. புரிஞ்சுதா?"

பேசும்போதெல்லாம் அவள் லவோனைப் பார்த்தே பேசினாள். பெண்ணுக்குப் பெண் கூச்சமில்லாமல் இருக்கும் என்று வெண்டல் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். தன் குறிப்பேட்டில் மட்டும் 'தளர்வான நிர்வாகம்' என்று எழுதிக்கொண்டார். கூடவே, 'பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்' என்றும்.

இரண்டாவது வாரம் சீட்டு அடித்தார். மூன்றாவது வாரம் சீட்டுகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டார். உறை போடும் இயந்திரத்தை அயோவாவிலிருந்தே கொண்டுவந்திருந்தார். நான்காவது வாரம், மேசையில் தனியாக இருந்த ஓர் ஐஸ்பெட்டியைப் பார்த்ததும், முப்பத்தொரு வருடப் பழக்கம் கையை நீட்டிவிட்டது. வகுப்பில் செல்போன் வைத்திருந்த பிள்ளையிடம் என்ன செய்வார்? பிடுங்கி, சீட்டுக் கட்டி, அலமாரியில் பூட்டி, கடைசி நாள் திருப்பித் தருவார். அதையேதான் செய்தார். அலமாரிக்குப் பதிலாக வீட்டுவண்டியின் அடியில் இருந்த சாமான் அறை. மெல்லிய தகரக் கதவு. சாவி அவர் கழுத்தில்.

இப்படியாக, ஐம்பத்திரண்டு தளங்களில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த கரடித் தீனியை மூன்று வாரத்தில் ஒரே இடத்தில் திரட்டி, ஜூலை வெயிலில் வைத்து, வாசனை ஏற்றி, கரடி வந்து போக வசதியாக ஓடைப் பக்கமாகவே வைத்திருந்தார் வெண்டல். ஒரு கரடிக்கு யோசனை கேட்டிருந்தால் அதுவும் இதைத்தான் சொல்லியிருக்கும்.

*

பதினொன்றரை மணிக்கு வெண்டலுக்கு வியர்த்தது.

வேலை போனால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் நர்ஸ் குடும்பம். மிச்சமிருப்பது ஒமாஹாவில் மகன் கர்ட்டிஸ் வீட்டின் அடித்தள அறைதான். அங்கே மருமகள் பிரென்னா இருக்கிறாள். எந்தத் தட்டை எந்தத் துணியால் துடைக்க வேண்டும் என்று சுவரில் அட்டவணை ஒட்டி வைத்திருப்பவள். வெண்டலைவிட அதிகமாக விதிமுறை எழுதக்கூடிய ஒரே மனிதப் பிறவி. அவளுடைய அடித்தள அறையில் அவர் போய் விதிமுறைகளுக்குக் கீழ்ப்படிகிறவராக உட்கார வேண்டும். அக்டோபர் வரை!

அதைவிட, இங்கே ஜனங்கள் அவர் சொன்னதைக் கேட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டாவது கேட்டார்கள். காலையில் மேற்சட்டையை மாட்டும்போது அவருக்கு முதுகு நிமிர்ந்தது. அது போய்விட்டால் பிறகு மிச்சம் அந்த அளவுகோல் மட்டும்தான்.

முதலில் சமாதானப் பேச்சு. ஓஸ்கார்சன் அம்மாளுக்கு இரண்டு கட்டு விறகு கொடுத்துப் பார்த்தார்.

"இத வெச்சு நான் என்னத்தைய்யா சமைக்கறது? விறகையா?" என்று கேட்டாள் அவள்.

டெக்சாஸ்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. விலா எலும்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, காணாமல் போன உறவினரைப் பற்றிப் பேட்டி கொடுப்பவர் மாதிரி யாரோ ஒருத்தியின் செல்போனுக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

வெண்டல் வண்டிக்குள் போனார். லவோன் சமையல் மேடையில் கழிப்பறைக் காகிதச் சுருள்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லவோன், கண்ணு..."

அவள் நிமிர்ந்தாள். நாற்பத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அந்தக் 'கண்ணு' இதற்கு முன் இரண்டே தடவை வந்திருக்கிறது. ஒரு தடவை காரை ஏரிக்குள் விட்டபோது. இன்னொரு தடவை அவள் அம்மாவின் அஸ்திக் கலசத்தைக் குடை வைக்கும் ஜாடி என்று நினைத்துவிட்டபோது.

"என்ன வேணும்?"

"நீதான் வெச்சேன்னு சொல்லிடு."

"எதை?"

"அந்தப் பெட்டிங்களைத்தான். நான் ஜனங்ககிட்டேர்ந்து வாங்கி உன் கையில கொடுத்தேன். ரேஞ்சர் ஆபீஸ்ல சேர்த்துடுன்னேன். நீ மறந்து நம்ம வண்டியில வெச்சுட்ட."

"மூணு வாரமா மறந்துக்கிட்டே இருந்தேனா?"

"உனக்கு எட்டு கழிப்பறை. களைப்பு."

"அதுல மட்டும் பொய் இல்ல." லவோன் ஒரு சுருளை எடுத்துப் பார்த்துத் திருப்பி வைத்தாள். "ஏன் வெண்டல், ஆபீஸ்ல சேர்த்துட்டேன்னுதானே எங்கிட்டயும் சொன்ன? ராத்திரி அறைக்குள்ள சீஸ் நாத்தம் வருதுன்னு நான் கேட்டப்ப, அது மலைக்காத்துன்ன."

"இப்ப அதுவா முக்கியம்? அந்தப் பொண்ணு உன்மேல கோவிச்சுக்க மாட்டா. உனக்கு ஒண்ணும் நஷ்டமில்லையே! நாலு வார்த்தை சொல்லுவா, கேட்டுக்க. வேலை என்னோடது. போனா என் வேலைதான் போகும்."

லவோன் சுருள்களிலிருந்து கையை எடுத்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

"உன் வேலை," என்றாள்.

"என் வேலைதானே?"

"சாப்பிட ஏதாவது வேணுமா? ரொட்டிதான் இருக்கு. பேக்கன் தீர்ந்துபோச்சு."

இது சம்மதம் என்று வெண்டல் எடுத்துக்கொண்டார். பள்ளியிலும் பிள்ளைகள் பேசாமல் நின்றால் ஒப்புக்கொண்டார்கள் என்றே எழுதுவார். உடனே மடிக்கணினியைத் திறந்து ஓர் அறிக்கை தயாரித்தார். 'பொருள்: கரடி தொடர்பாக.' மூன்று பிரதி. 'எனது துணைவியாரின் கவனக்குறைவை நான் மன்னித்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்' என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். கண் லேசாகக் கலங்கியது, தன் குணத்தை நினைத்து.

*

மாரிசோல் சரியாக ஒரு மணிக்கு வந்தாள். கிழிந்த தகரக் கதவைப் பார்த்தாள். சீட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு சீட்டையும் படம் எடுத்தாள். எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் கரடி எச்சில் பட்டும் ஓர் எழுத்து அழியவில்லை. சாட்சியத்தை இவ்வளவு நேர்த்தியாகப் பாதுகாத்துக் கொடுத்த குற்றவாளியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு மர மேசையில் வந்து உட்கார்ந்தாள். எதிரே வெண்டலும் லவோனும்.

"அந்தக் கரடிக்கு ரெண்டு வயசுதான் இருக்கும். நாளைக்கும் வரும். இனிமே இந்த இடம்தான் அதுக்கு ஹோட்டல். கூண்டு வெச்சுப் புடிச்சு, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடணும். அதிர்ஷ்டம் இருந்தா திரும்பி வராது. வந்தா சுட்டுடுவாங்க." அவள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இப்ப சொல்லுங்க."

வெண்டல் எழுந்து நின்று அறிக்கையைப் படித்தார். மாரிசோல் குறுக்கிடாமல் கேட்டாள். 'மன்னித்துவிட்டேன்' என்ற இடத்தில் மட்டும் அவள் புருவம் கொஞ்சம் ஏறியது.

"லவோன்," என்றாள் அவர் படித்து முடித்ததும். "நீங்க யோசிச்சுப் பதில் சொல்லணும். சாப்பாட்டை இப்படிக் குவிச்சு வெச்சது பொறுப்பாளரா இருந்தா, இன்னிக்கே வேலையிலேர்ந்து எடுத்தாகணும். இது நான் பார்த்து விட்டுக்கொடுக்கற விஷயம் இல்ல. மேலிடத்து உத்தரவு. இவர் படிச்சது நெஜமா?"

வெண்டல் மேசைக்கு அடியில் மனைவியின் காலை லேசாகத் தட்டினார்.

லவோன் காலை நகர்த்திக்கொண்டாள்.

"இல்ல. பெட்டியெல்லாம் எடுத்தது வெண்டல், வெச்சது வெண்டல். சாவி அவர் கழுத்துல இருக்கு பாருங்க. எனக்கு அது உள்ள இருந்ததே இன்னிக்குக் கரடி சொல்லித்தான் தெரியும்."

"லவோன்!"

"நாப்பத்திரண்டு வருஷத்துல உனக்காக நெறைய சொல்லியிருக்கேன். உன் அண்ணன்கிட்ட, பள்ளிக்கூடத்துல, நூலகத்துல. இது மட்டும் முடியாது. இதைச் சொன்னா நாம ரெண்டு பேரும் பிரென்னா வீட்டுல தட்டு துடைக்கணும்."

கடைசி வாக்கியத்தின் கணக்கு வெண்டலுக்குப் புரியவில்லை. அவள் சொல்லாவிட்டால்தானே வேலை போகும்? ஆனால் அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. மனைவியே காட்டிக் கொடுத்தாயிற்று. மர மேசைகளின் மேல் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஓஸ்கார்சன் அம்மாள் மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சரி. போகிறதுதான் போகிறது, மரியாதையோடு போகட்டும்.

வெண்டல் மறுபடியும் எழுந்தார். மஞ்சள் மேற்சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதை நாலாக மடித்தார். மேலே தொப்பியை வைத்தார். அதன் மேல் வாக்கி டாக்கி, கோல்ஃப் வண்டிச் சாவி, கடைசியாக, கொஞ்சம் தயங்கி, தன் சொந்த விசில்.

"மிஸ் கின்டானா. முப்பத்தொரு வருஷத்துல என்னை யாரும் வேலையிலேர்ந்து எடுத்தது கிடையாது. நீங்களும் எடுக்க வேண்டாம். நானே ராஜினாமா பண்றேன். இந்த நிமிஷத்துலேர்ந்து பீவர் ஓடை முகாமுக்குப் பொறுப்பாளர் இல்ல. எப்படிச் சமாளிக்கறீங்கன்னு பார்க்கறேன்."

மாரிசோல் அந்த மஞ்சள் குவியலைப் பார்த்தாள்.

"வெண்டல், உக்காருங்க. நீங்க ராஜினாமா பண்ண முடியாது."

வெண்டலின் நெஞ்சு விம்மியது. ஆக, மேலிடத்துக்கு ஆள் தேவை தெரிந்திருக்கிறது. உடனே இறங்கிவிடாமல் ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

"உங்க நிலைமை எனக்குப் புரியுது," என்றார் பரிவோடு. "ஆள் பத்தாக்குறை. சில நிபந்தனைகளோட நான் பரிசீலிக்கத் தயார்."

"அதில்ல." மாரிசோல் கழுத்தைத் தடவிக்கொண்டு லவோன் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னும் சொல்லவே இல்லையா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றாள் லவோன். "இவர் தொப்பியைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னால நிக்கறப்ப பார்த்தேன். மனசு வரல. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு ஜூலை வந்துருச்சு."

"எதைச் சொல்லணும்?" என்றார் வெண்டல்.

"முதல் நாள் கையெழுத்துப் போட்டீங்களே ஒரு தாள், அதுல தெளிவா இருக்கு," என்றாள் மாரிசோல். "படிச்சுப் பார்க்கலையா?"

வெண்டல் படிக்கவில்லை. அந்த மாதிரித் தாள்களை அடுத்தவர்கள் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் கொள்கை.

லவோன் எழுந்தாள். மேசையிலிருந்து மஞ்சள் மேற்சட்டையை எடுத்து உதறினாள். அதில் கரடி முடி இரண்டு ஒட்டியிருந்தது. அவற்றைக் கிள்ளிப் போட்டாள். கைகளை நுழைத்துப் பட்டன் போட்டுக்கொண்டாள். தோள் அளவு அவளுக்குச் சரியாக இருந்தது. அவர் போட்டிருந்தபோது ஏன் அக்குளில் இறுக்கிப் பிடித்தது என்பது வெண்டலுக்கு இப்போதுதான் உறைக்கத் தொடங்கியது.

"ஒம்போது பூங்காவுக்கு நீ எழுதிப் போட்ட, வெண்டல். ஒம்போது பேரும் வேண்டாம்னு பதில் அனுப்பினாங்க. இவங்களும்தான். மெயில் பார்க்கறது குமாஸ்தா வேலைன்னு எங்கிட்ட விட்டிருந்த இல்ல, நான்தான் எல்லாத்தையும் படிச்சேன். மார்ச் மாசம் என் பேர்ல நான் ஒண்ணு போட்டேன். இருநூறு பேர்ல அவங்க எடுத்தது என்னை. நீ என் கூட வந்த ஆளு."